கடல் எந்தப் பக்கம் தெரியும்?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மாமியார் சொல்லிவிடுவார். விமானம் ஓட்டுகிறவளுக்குக் கையும் கண்ணும் போதுமே, வாய் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு மழை நாளில் விமானம் நிறையப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுபாதை ஓரத்தில் காத்துக் கிடந்து பார்க்கட்டும். கைக்கு அப்போது வேலை கிடையாது. கண்ணுக்கு மழையைத் தவிர ஒன்றும் தெரியாது. வாய் ஒன்றுதான் பிழைப்பு நடத்தும்.

எங்களுடையது சின்ன நிறுவனம். ஓட்டுவது இரண்டே தடம்: ஒன்று மலைக்கு, இன்னொன்று துறைமுகத்துக்கு. டிக்கெட் மலிவு, அதனால் இருக்கை எண் கிடையாது. டவுன் பஸ் மாதிரிதான். முதலில் ஏறியவருக்கு ஜன்னல், கடைசியில் ஏறியவருக்குக் கழிவறைப் பக்கம். அடித்துப் பிடித்து இடம் பார்த்து, பெட்டியை மேலே திணித்து, பக்கத்து இருக்கைக்காரரை முறைத்து முடிப்பதற்குள் பயணிகள் களைத்துப் போவார்கள். அந்த நேரத்தில் கேப்டன் மைக்கில் என்ன சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. அதனால்தான் நான் வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தேன். பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவர்களிடம், "தள்ளாதீங்க. பெட்டியும் மாமனார் மாதிரிதான், தள்ளினா நகராது. நல்ல வார்த்தை சொல்லித் திருப்பிப் பாருங்க" என்பேன். கிளம்பத் தாமதமானால், "தப்பு என் மேல இல்ல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பு என் மேல இருந்ததில்ல. வேணும்னா என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க" என்பேன். சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அடுத்து நான் சொல்லும் சீட் பெல்ட் சமாசாரத்தையும் கேட்பார்கள்.

என் கைவசம் பெரிய வெடி ஒன்று உண்டு. மலைக்குப் போகும் நாளில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ரொம்பச் சாதுவான குரலில், "துறைமுகத்துக்குப் போற இந்த விமானத்துக்கு உங்களை அன்போட வரவேற்கிறேன்" என்பேன். ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு நாலா பக்கமிருந்தும் "மலை, மலை" என்று கூச்சல் கிளம்பும். "அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. இருங்க, கோ-பைலட்டையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்பேன். சிரிப்புச் சத்தம் காக்பிட் கதவைத் தாண்டி வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் எனக்கு வண்டி தானாக மேலே போகும்.

ஒரு நாள் அப்படிக் கத்தியவர்களில் ஒருவர், நான் அடுத்த வரியைச் சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, விறுவிறுவென்று நடந்தே திரும்பிப் போய்விட்டார். சும்மா போகவில்லை. 'ஓட்டுகிறவருக்கே எங்கே போகிறோம் என்று தெரியாத விமானம்' என்று நிர்வாகத்திடம் புகார் செய்துவிட்டுப் போனார். நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுக் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தது. வழவழவென்று பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. இனி அதில் இருப்பதை மட்டும்தான் மைக்கில் படிக்க வேண்டும், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார்கள். அது போதாதென்று, என் அடுத்த பயணத்தில் ஒரு பரிசோதகர் பின்னால் உட்கார்ந்து வருவார், அட்டையை மீறினால் கேப்டன் இருக்கையை விட்டு இறக்கி மறுபடி கோ-பைலட்டாக உட்காரவைப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். கேப்டன் உட்காரும் அந்த இடப்பக்க இருக்கைக்கு வர எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. அதை ஒரு ஜோக்குக்காக இழக்க நான் பைத்தியக்காரி இல்லை.

என் வீட்டுக்காரரும் இதே நிறுவனத்தில் கேப்டன். அவருக்கு அட்டை ஒரு வரப்பிரசாதம். பேச்சென்றால் அவருக்கு அப்படி ஒரு கூச்சம். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் 'சரி'. மைக்கில் அவர் பேசினால் யாரோ செல்போனில் பாக்கி இருப்புச் சொல்வது போலவே இருக்கும்.

பரிசோதனை நாளன்று இருவருக்கும் ஒரே நேரத்தில் டியூட்டி. எனக்கு மலை, அவருக்குத் துறைமுகம். காலையிலிருந்து மழை விடவில்லை. காரை அவர்தான் ஓட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயைக் கட்டிட்டு இரு" என்றார்.

"நான் என்ன வேணும்னா பேசறேன்? தானா வருது."

"தானா வந்தா முழுங்கிடு."

"உங்களுக்கென்ன, பொறந்ததுலேர்ந்து முழுங்கிட்டேதான் இருக்கீங்க. பழகிப்போச்சு."

அவர் சிரித்தார். காரை நிறுத்திவிட்டு, வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, "அந்த சீட்ல நீதான் உக்காரணும். வேற யாரையும் என்னால அங்க நினைச்சுப் பாக்க முடியல" என்றார். ஒரே மூச்சில் அவர் இத்தனை பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சரி என்று தலையாட்டிவிட்டுக் குடையை விரித்தேன்.

பரிசோதகர் எனக்கு முன்பே காக்பிட்டில் இருந்தார். பைலட்டுகள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல். முதுகும் நேர், பேச்சும் நேர், வாயும் நேர்க்கோடு. எங்கள் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த மடக்கு இருக்கையில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஓட்டுற திறமை மேல யாருக்கும் சந்தேகமில்ல, கேப்டன். நான் வந்திருக்கறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும் சார். அட்டை கையிலதான் இருக்கு" என்று தூக்கிக் காட்டினேன். கோ-பைலட் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே பக்கத்து நிறுத்தத்தில் என் வீட்டுக்காரரின் விமானம் நின்றது. ஒரே நிறம், ஒரே அளவு. வாலில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் எது எவருடையது என்று தெரியும். டெர்மினலிலிருந்து வெகுதூரம் என்பதால் பயணிகளைப் பஸ்ஸில்தான் கொண்டுவந்து விடுவார்கள். மழைக்குப் பயந்து தலையில் பையையும் துப்பட்டாவையும் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் படியேறி ஓடிவந்தார்கள். முதல் பஸ், இரண்டாவது பஸ் என்று வந்து, கடைசிப் பஸ்ஸும் வந்து போயிற்று.

எங்கள் கேபின் தலைவி காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கறார்ப் பேர்வழி. பயணிகள் ஏறும்போது வாசலில் நின்று கிளிக்கர் பொத்தானை அமுக்கி எண்ணுவது அவள்தான்.

"மேடம், கணக்குல மூணு பேர் கூட வருது."

அவளுக்குப் பின்னால் வாக்கி-டாக்கியோடு நின்ற கிரவுண்ட் ஆள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். "அட, மடியில வச்சிருக்கற குழந்தைங்களையும் சேத்து அமுக்கியிருப்பீங்க. கைக்குழந்தைக்குக் கணக்கு கிடையாதே. எத்தனை குழந்தை இருக்கு பாருங்க" என்றார்.

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சொல்லிவைத்தாற்போல மூன்று குழந்தைகள். "நான் குழந்தைங்களை அமுக்கினதா ஞாபகம் இல்லையே" என்று இழுத்தாள். "மழையில எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோகும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். படியை எடுத்துவிட்டார்கள், கதவையும் மூடியாயிற்று. பக்கத்து விமானம் எங்களுக்கு முன்பாகவே நகர்ந்து, மழைக்குள் ஓடுபாதைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நான் மைக்கை எடுத்து அட்டையைப் படித்தேன். மலைக்குச் செல்லும் எங்கள் விமானத்திற்கு வரவேற்கிறோம், பறக்கும் நேரம் இவ்வளவு, வெளி வெப்பநிலை இவ்வளவு, நன்றி. உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. யாரோ தும்மினார்கள், அவ்வளவுதான். ஸ்கேல் திருப்தியாகத் தலையசைத்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இப்படி ஊமைபோல ஓட்டுவதற்குச் சரக்கு விமானத்தையே ஓட்டலாம், மூட்டைகள் புகாராவது செய்யாது.

கேபின் தயார் என்று சொல்லக் கேபின் தலைவி மறுபடி வந்தாள். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம். பின்னாடி ஒருத்தர், கடல் எந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் மாறி உக்காரட்டுமான்னு கேட்டார். மலையில ஏதுங்க கடல்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார். 'உங்க விமானத்துல எல்லாரும் ஜோக் அடிப்பீங்கன்னு கேள்விப்பட்டேன், நெஜம்தான்'ங்கறார்."

எனக்குச் சுருக்கென்றது. மலைக்குப் போகிறவர் சுவெட்டரைப் பற்றிக் கேட்பார், வளைவுப் பாதையில் வாந்தி வருமா என்று கேட்பார். கடலை ஏன் கேட்கிறார்? கணக்கில் கூடுதலாக வந்த மூன்று பேர் வேறு மனதில் உறுத்தினார்கள்.

"சார், ஒரு நிமிஷம். எனக்கு என்னமோ சரியாப் படல" என்று திரும்பினேன்.

"எண்ணிக்கை சரியாச்சு. கதவு மூடியாச்சு. நீங்க அட்டையில மலைன்னு படிச்சீங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. ஒருத்தர் கடலைக் கேட்டார்னு விமானத்தை நிறுத்துவீங்களா?"

"அட்டையை யாரும் கேக்கல சார். அதான் ஒண்ணும் சொல்லல."

"சரி, அப்ப ஒவ்வொருத்தர் டிக்கெட்டா வாங்கிப் பாக்கச் சொல்லுங்க."

"அது முடியறதுக்குள்ள அந்த விமானம் பறந்துடும்." ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த விமானத்தைக் கைகாட்டினேன். இங்கே துறைமுகத்துக்காரர்கள் இருந்தால் அங்கே மலைக்காரர்கள் இருக்க வேண்டும். வானத்தில் போன பிறகு தெரிந்து என்ன லாபம்?

ஒரு விமானம் நிறைய மனிதர்களை ஒரே நொடியில் கேட்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதற்குத்தான் தடை. மைக்கில் கை வைத்தேன். ஸ்கேலுக்கு என் கையும் தெரிந்தது, மனதும் தெரிந்துவிட்டது.

"யோசிச்சுப் பண்ணுங்க, கேப்டன். அட்டையை விட்டு ஒரு வார்த்தை வெளிய போனாலும் நான் சொல்லியாகணும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்.

காலையில் வைப்பரைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சொன்னது காதில் கேட்டது. அந்த சீட்ல நீதான் உக்காரணும். சரிதான், உட்கார வேண்டும். ஆனால் உட்கார்ந்துகொண்டு தப்பான ஆட்களைத் தப்பான ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கா உட்கார வேண்டும்? அப்படிப்பட்ட இருக்கையில் எவர் வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளட்டும். அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"வணக்கம், மறுபடியும் கேப்டன்தான். துறைமுகத்துக்குப் போற இந்த விமானத்துக்கு உங்களை அன்போட வரவேற்கிறேன்."

முன்பக்கத்தில் கூரை பிய்ந்துகொண்டது. "மலை", "மலைம்மா", "ஏம்மா, மலை" என்று ஆணும் பெண்ணும் கத்தினார்கள். ஒரு குழந்தை வீல் என்று அழுதது. நான் அதைக் கேட்கவில்லை. பின்பக்கத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

இன்டர்காம் ஒலித்தது. கேபின் தலைவி.

"மேடம், கடைசி பஸ்ல வந்தவங்க எல்லாரும் சரிதான்னு தலையாட்டிட்டு உக்காந்திருக்காங்க. முன்னாடி இருக்கறவங்க கத்தறதைப் பாத்து, பாவம், இத்தனை பேர் தப்பான விமானத்துல ஏறிட்டாங்களேன்னு பரிதாபப்படறாங்க."

அடுத்த கணம் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஸ்கேல் மடக்கு இருக்கையின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்திருந்தார். "டவர்கிட்ட நான் பேசறேன், அந்த விமானத்தைப் பிடிச்சு நிறுத்தச் சொல்றேன். நீங்க அவர்கிட்ட பேசுங்க" என்றார்.

எங்கள் நிறுவனத்துக்கென்று ஓர் அலைவரிசை உண்டு. அதில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, உங்க கடைசி பஸ் ஆளுங்க என்கிட்ட இருக்காங்க. என் ஆளுங்க உங்ககிட்ட இருக்காங்க."

"இங்க எல்லாம் சரியா இருக்கே" என்றார் அந்தப் பாக்கி இருப்புக் குரலில். "மூணு பேர் மட்டும் வரல."

"அந்த மூணு பேர்தாங்க இங்க கூட வருது. ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"அட்டையைப் படிச்சாச்சே."

"அட்டையைத் தூக்கிப் போடுங்க. நான் சொல்றதை அப்படியே மைக்ல சொல்லுங்க. மலைக்குப் போற இந்த விமானத்துக்கு உங்களை அன்போட வரவேற்கிறேன்."

அவருக்கு உள்ளங்கை வேர்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அன்போடன்னு சொல்லணுமா?"

"சொல்லணும்."

அவர் மைக்குக்குப் போய்விட்டார். மழை கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. கோ-பைலட் தம்பி நகத்தைக் கடித்தான். ஸ்கேல் டவரிடம் பேசி முடித்துவிட்டு, அவரும் காத்திருந்தார். பிறகு என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"முன்னாடி இருக்கறவங்க எந்திரிச்சு நின்னு என்னைத் திட்டறாங்க. கடைசி பஸ்ல வந்தவங்க கைதட்டினாங்க."

"யாராவது சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கல."

"பரவாயில்ல. முதல் தடவை அப்படித்தான். திருப்பிட்டு வாங்க."

எனக்குப் பின்னால் விசித்திரமாக ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்கேல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு கடைசிப் பஸ்களும் ஆட்களை ஏற்றிக்கொண்டு டெர்மினல் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கின்றன. கிளம்பச் சொல்லும்வரை ஓட்டுநர்கள் இருவரும் கூரைக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். இருவரும் சகலைகள். மாமனார் வீட்டைப் பற்றிப் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. கிளம்பச் சொன்னதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி, அவர் பஸ்ஸில் இவரும் இவர் பஸ்ஸில் அவருமாக ஏறிவிட்டார்கள். ஏறிய பிறகு அவரவர் போக வேண்டிய விமானத்துக்கு ஒழுங்காக ஓட்டிவந்து, ஒழுங்காக இறக்கிவிட்டார்கள். இரண்டு பேருமே வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை, பஸ்தான் மாறிவிட்டது.

விமானங்கள் மறுபடி பக்கத்துப் பக்கத்தில் நின்றன. படி வந்தது. இந்த முறை பஸ் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அந்தச் சகலைகளை இன்னொரு முறை நம்ப நான் தயாராக இல்லை. கிரவுண்ட் ஆட்கள் குடைகளோடு இரண்டு படிகளுக்கும் நடுவே வரிசையாக நின்றார்கள். நானும் இறங்கிப் படியடியில் நின்றேன். பின்பக்கத்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரி நீலப் பையை வைத்திருந்தார்கள். ஒரு பயணிகள் கப்பலில் சமையலறை வேலைக்குப் புதிதாகச் சேரப் போகிறவர்களாம். அவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

கடலைக் கேட்டவர் யார் என்று கேபின் தலைவி காட்டினாள். கனத்த உடம்பு, நடுவயது, நெற்றியெல்லாம் வியர்வை. அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"கப்பல் சாயங்காலம் கிளம்புதுங்கம்மா. ஏறலன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. எங்களுக்கு வேலை போயிருக்கும். நான் போய் மலைமேல நின்னுக்கிட்டுக் கடலைத் தேடியிருப்பேன்." சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. "இப்பப் பிடிச்சுடுவோமாம்மா?"

"பிடிச்சுடுவீங்க. அந்த விமானத்தை என் வீட்டுக்காரர்தான் ஓட்டறார். பேசமாட்டார், அதனால நேரம் மிச்சமாகும்" என்றேன். "கடல் வலது பக்கம் தெரியும். போய் இடம் பிடிங்க."

அவர் நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். எதிர்ப்பக்கத்திலிருந்து மலைக்காரர்கள் வந்தார்கள். குடைகளுக்கு அடியில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடந்தபோது யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அந்தப் பக்கம் படி உச்சியில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அத்தனை பேர் நடுவில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நானும் கையைத் தூக்கினேன்.

காக்பிட்டுக்குத் திரும்பியபோது அட்டை நான் கவிழ்த்த இடத்திலேயே கிடந்தது. நல்ல பிள்ளையாக அதை எடுத்தேன்.

"அதை வைங்க" என்றார் ஸ்கேல். "இவ்வளவு நடந்த பிறகு அதைப் படிச்சீங்கன்னா, அந்த ஜனங்க உங்களை இறக்கி விட்டுருவாங்க."

நான் மைக்கை எடுத்தேன். "மலைக்குப் போறவங்க மட்டும் இப்ப இந்த விமானத்துல இருக்கீங்க. நான் எங்க போறேன்னு கேக்காதீங்க, உங்க பின்னாலதான் வரப்போறேன்" என்றேன். சிரிப்புச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது, கைதட்டலும் சேர்ந்து வந்தது. மழைக்கு மேலே ஏறி வெயிலுக்குள் நுழைந்தபோது எனக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. பரிசோதகர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. போகும்போது எனக்குப் பயம்தான், பொய் சொல்வானேன். அட்டை கொடுத்த அதே அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். பக்கத்தில் ஸ்கேல். நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார், ஒரு மில்லிமீட்டர் கூட்டாமல் குறைக்காமல். கேப்டன் இருக்கை என்னுடையதுதான் என்றார் அதிகாரி. அத்தோடு நிறுத்தாமல், "உங்க அந்த ஜோக்கை அப்படியே அட்டையில அச்சடிச்சுடலாம்னு இருக்கோம்" என்றார்.

"அச்சடிச்சா அதையும் யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"அவங்க சொல்றது சரி" என்றார் ஸ்கேல். "ஒவ்வொரு கேப்டனும் அவங்கவங்க சொந்த வார்த்தையில பேசி, எங்க போறோம்னு பயணிகள் வாயாலயே சொல்ல வைக்கணும். அதுக்கப்புறம்தான் கதவை மூடணும். விதியா வச்சுடுங்க."

வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

"சொந்த வார்த்தையா? எல்லாருமா?"

"எல்லாரும்தான். நீங்களும்தான்."

"நீ ஜெயிச்சதுக்கு எனக்கா தண்டனை?" என்றார் பரிதாபமாக.

அதற்கப்புறம் தினமும் காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு கேட்கும். கதவைத் தட்டினால் நின்றுவிடும். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

விதி நடைமுறைக்கு வந்த முதல் நாள் எனக்கு விடுமுறை. அவருக்குத் தெரியாமல் ஒரு டிக்கெட் வாங்கி, அவருடைய துறைமுக விமானத்தில் ஏறி, நடுவில் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். தலையில் தொப்பி வேறு. அன்று அங்கே டியூட்டியில் வாசலில் நின்ற அதே கேபின் தலைவி என்னைப் பார்த்துவிட்டாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவளும் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு நேராகக் காக்பிட்டுக்குள் போனாள், கறார்ப் பேர்வழி.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மைக் கரகரத்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி கரகரத்தது. பக்கத்து இருக்கை அம்மாள் மேலே நிமிர்ந்து பார்த்தார். நான் இருக்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் முதன்முதலில் தனியாக ஓட்டிய அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"வணக்கம். நான் கேப்டன்." நீண்ட இடைவெளி. "என் மனைவி இன்னிக்கு இந்த விமானத்துல பயணியா உக்காந்திருக்காங்க. சீட் பெல்ட் விளக்கைப் போட்டாச்சு. கல்யாணமாகி முதல் தடவையா, நான் பேசறப்ப அவங்களால எந்திரிச்சுப் போக முடியாது."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர்.

"அதனால அந்த விளக்கை நான் சீக்கிரம் அணைக்கறதா இல்ல."

விமானம் முழுக்கச் சிரித்தது. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார் இந்த மனிதர்?

"இந்த விமானம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியுமான்னு பாக்கணும். எல்லாரும் சேந்து சத்தமாச் சொல்லுங்க. என் மனைவியைத் தவிர. அவங்க நிறையப் பேசிட்டாங்க, இன்னிக்கு ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும்."

"துறைமுகம்" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மேல் அடுக்கில் பெட்டிகள் அதிர்ந்தன.

பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். "நல்ல மனுஷன். அந்தம்மா எங்க உக்காந்திருக்காங்களோ, தெரியல" என்றார்.

நான் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.